சுவர் தேய்க்கும் மெஷின்: வாடகைக்கு எடுத்தவன் சொல்கிறேன்

பட்டி (பெயின்டுக்கு முன்னால் சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு) பார்த்த சுவரைக் கையால் தேய்ப்பதை ஒரு முழு நாள் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. 10க்கு 12 அறை, நாலு சுவரும் சீலிங்கும். பெயின்டர் அண்ணனும் அவருடைய ஹெல்ப்பர் பையனும் காலை எட்டரைக்கு உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே வரும்போது இரண்டு பேருக்கும் புருவம்கூட வெள்ளை. பையனுக்கு இருபது வயதுதான், பார்க்க அறுபது மாதிரி இருந்தான். இன்னும் இரண்டு அறை, ஹால், சமையலறை எல்லாம் பாக்கி. தை மாதம் பால் காய்ச்சத் தேதி குறித்தாகிவிட்டது, நடப்பது ஐப்பசி, மழை எப்போது பிடித்துக்கொள்ளும் என்று தெரியாது. அன்று ராத்திரியே போனில் தேடி, திருச்சியில் மெஷின் வாடகைக்கு விடும் ஒரு கடையைப் பிடித்தேன்.

நான் எழுதப்போவது அந்த மெஷினைப் பற்றி. கூடவே பட்டி போட்டதற்கும் பெயின்ட் அடிப்பதற்கும் நடுவில் இருக்கிற அந்த ஏழெட்டு நாட்களைப் பற்றியும், ஏனென்றால் மெஷினுக்கு வேலையே அங்கேதான். மெஷின் நல்ல மெஷின், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது ஒரு பொய் சொல்லும். அதை நம்பினால், பெயின்டுக்கு அடியில் போடுகிற பிரைமரோடு சேர்ந்து பணமும் உரிந்து வரும். எனக்கு வந்தது.

நாள் வாடகை 700, முன்பணம் 3,000, ஆதார் நகல் ஒன்று. நீளமான கைப்பிடி, முனையில் 9 அங்குல வட்டத் தலை, அதைச் சுற்றி எல்ஈடி விளக்கு, தலையிலிருந்து தூசியை உறிஞ்சிப் பின்னால் ஒரு பைக்குள் தள்ளும் குழாய். இதுதான் மொத்த மெஷினும். கைப்பிடியை நீட்டிக்கொண்டால் ஸ்டூல் போடாமலே சீலிங் எட்டும். வட்டமான உப்புத்தாளைத் தலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஷூவில் சர்ர்ரென்று பிரிப்பார்களே, அந்த வெல்க்ரோ ஒட்டு. அதைத் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்ட மெஷின் ஒன்றைத்தான் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டினார். டிஸ்க்கை ஒட்டி, அங்கேயே ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டச் சொன்னேன், டிஸ்க் பறந்துபோய் ஷட்டரில் மோதியது. இரண்டாவதாகத் தந்ததில் ஒட்டு நன்றாக இருந்தது, ஆனால் பிளக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒயரில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஈரச் சுவர், தற்காலிக இணைப்பு, வெறுங்காலோடு நிற்கிற பையன், இதில் ஒட்டுப்போட்ட ஒயரா? முடியாது என்றேன். முனகிக்கொண்டே மூன்றாவதை எடுத்துக் கொடுத்தார். இதில் கூச்சப்படவே கூடாது, நாம் வாங்குவது வாடகைப் பொருள், நமக்கு முன்னால் இருபது பேர் அதைப் படுத்தியிருப்பார்கள்.

மெஷினை எந்த நாளில் எடுப்பது என்பது தனிக் கணக்கு. எங்கள் வீட்டுக்குப் போட்டது வெள்ளை சிமென்ட் பட்டி. ஒரு கிலோ தூளுக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர், கலக்கிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஒரு கலக்கு, அப்புறம் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பெயரிலேயே சிமென்ட் இருக்கிறது அல்லவா, அது காய்வதோடு நிற்காது, இறுகும். இரண்டாவது கோட் போட்ட மறுநாள் நகத்தால் கீறினால் கோடு விழுகிற பதத்தில் இருக்கும், தேய்க்க அதுதான் சரியான நேரம். ஒரு வாரம் கழித்து அதே சுவரில் கைவைத்தால் தாள்தான் தேயும். நான் எல்லா அறையிலும் பட்டி போட்டு முடித்துவிட்டு மொத்தமாக இரண்டு நாள் மெஷின் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பெயின்டர் அண்ணன் சிரித்தார். "மெஷின் வரட்டும்னு நாலு நாள் போட்டு வச்சீங்கன்னா, அப்புறம் அம்மிக்கல்லத் தேய்க்கிற மாதிரிதான் சார்" என்றார். அதனால் ஹாலும் ஒரு அறையும் பட்டி முடிந்த மறுநாளிலிருந்து இரண்டு நாள், மிச்சம் முடிந்த பிறகு இன்னொரு நாள் என்று வாடகையை இரண்டாக உடைத்துக்கொண்டோம்.

இனி ஓட்டின கதை.

கடைக்காரர் 80 நம்பர் டிஸ்க் போட்டால் வேலை சீக்கிரம் ஓடும் என்றார், நானும் நம்பி ஐந்து வாங்கிவிட்டேன். உப்புத்தாளில் எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும், 80 என்பது புதுப் பட்டிக்கு அரம் மாதிரி. இரண்டு கோட்டும் சேர்ந்தே ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாத பூச்சு அது. ஹாலின் முதல் சுவரில் ஐந்து நிமிடத்தில் ஓர் இடத்தில் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது, அடியில் இருக்கிற சிமென்ட் பூச்சு. சுற்றிலும் வட்ட வட்டமாகக் கீறல், பிறை நிலாக்களை அடுக்கி வைத்த மாதிரி. அந்த இடத்தில் மறுபடி பட்டி இழுத்து மறுநாள் தேய்க்க வேண்டியதாயிற்று. அப்புறம் 150 போட்டு ஒரு சுற்று, 220 போட்டு ஒரு சுற்று என்று மாற்றினோம், அதுதான் கடைசிவரை. ஒரு டிஸ்க் ஒரு பெரிய சுவர் வரும், மிஞ்சிப்போனால் ஒன்றரை. பட்டி மாவு அடைத்துக்கொண்ட டிஸ்க்கைத் தரையில் தட்டிவிட்டுத் தொடர்ந்து ஓட்டுவது மிச்சம் பிடிப்பது போலத் தோன்றும், ஆனால் அடைந்துபோன இடத்தில் ஒரு கட்டி உருண்டுகொண்டால் அதுவே சுவர் முழுக்கக் கோடு போட்டுவிட்டுப் போகும்.

ஓட்டுவது கஷ்டமில்லை, ஒரு மணி நேரத்தில் கை பழகிவிடும். அழுத்தக் கூடாது, மெஷினின் கனமே போதும். ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. வேகத்தைப் பாதிக்குக் கீழே வைத்து, போன தடத்தின் மேல் பாதி ஏறுகிற மாதிரி அடுத்த தடம் போக வேண்டும், வயலில் ஏர் ஓட்டுவது போல. பெரிய சுவர்களில் இதன் வேலையைக் கையால் யாரும் எட்ட முடியாது என்பதை மனசார ஒப்புக்கொள்கிறேன். பட்டித் தகடு இழுத்த மேடும் பள்ளமும் கையால் தேய்க்கும்போது மேடு மட்டும் கொஞ்சம் மழுங்கும், சுவர் மொத்தத்தில் அலை அலையாகவே இருக்கும். 9 அங்குலத் தலை இரண்டு மேட்டின் மேல் ஒரே நேரத்தில் உட்காருவதால் சுவர் தட்டையாகவே ஆகிவிடுகிறது. கையால் ஒரு நாள் பிடித்த அதே அளவு அறை மெஷினில் இரண்டரை மணி நேரம்.

ஆனால் மூலைகள்? வட்டத் தலை மூலைக்குள் போகாது. சுவரும் சுவரும் சேரும் இடம், சீலிங் ஓரம், சுவிட்ச் பெட்டியைச் சுற்றி, ஜன்னல் பக்கவாட்டு, சமையல் மேடைக்கு அடியில், எல்லாவற்றிலும் இரண்டங்குலம் விட்டுவிட்டுக் கையால்தான். ஆர்வக் கோளாறில் ஜன்னல் முனைக்குக் கொண்டுபோனேன், கத்தி மாதிரி இழுத்து வைத்திருந்த முனையை மொழுக்கென்று ஆக்கிவிட்டது. பெயின்டர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, மெஷினை என் கையிலிருந்து வாங்கி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். சீலிங் இன்னொரு தலைவலி, சொல்லப்போனால் தோள்வலி. நாலு கிலோவுக்கு மேல் இருக்கிற ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்து நகர்த்திக்கொண்டே இருப்பது பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது, இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன், மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை பக்கத்து வீட்டுப் பாட்டி தூங்குகிற நேரத்தில் நாங்கள் ஓட்டவில்லை.

தூசி விஷயத்துக்கு வருகிறேன். மெஷினோடு வருகிற தூசிப்பை தலையணை உறை அளவுதான், அதன் தையல் வழியாகவே பாதி வெளியே வரும். நல்ல வேக்குவம் இணைத்தால் அறையில் தூசியே இருக்காது என்று போனில் பார்த்த வீடியோக்களில் எல்லாம் சொன்னார்கள். வீட்டில் இருப்பதை எடுத்து வந்து மாட்டினேன். இருபது நிமிடம் பிரமாதமாக இழுத்தது, அப்புறம் சத்தம் ஏறியது, அப்புறம் கருகின வாடை, அப்புறம் ஒன்றுமில்லை. சோபா துடைக்கிற வேக்குவத்தின் ஃபில்டரைப் பட்டித் தூசி களிமண் போல அடைத்துவிடும் என்று எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். "ஆயுத பூஜைக்குத்தான் பொட்டு வச்சேன், ஐப்பசிக்குள்ள கொன்னுட்டீங்களே" என்றாள் என் மனைவி. பதில் சொல்ல என்ன இருக்கிறது? அதே கடையில் டிரம் மாதிரி இருக்கும் பட்டறை வேக்குவம் நாளுக்கு 400 என்று எடுத்தேன், உள்ளே துணிப்பை போட்டு, அரை மணிக்கு ஒருமுறை ஃபில்டரை வெளியே கொண்டுபோய்த் தட்டினால் கடைசிவரை இழுத்தது. மெஷின் எடுக்கிறவர்கள் அதையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள், தூசிப்பையை நம்பாதீர்கள். அதற்காக மாஸ்க்கைக் கழற்றிவிட வேண்டாம். இது சிமென்ட் தூசி, வியர்வையோடு சேர்ந்தால் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் எரியும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். மூக்கோடு ஒட்டுகிற மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டு, வேலை முடிந்ததும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் தேங்காய் எண்ணெய்.

பட்டறை வேக்குவம் வந்த பிறகு ஹாலை முடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தால் நம்பவே முடியவில்லை. தரையில் கால் தடம் பதியவில்லை. சுவர் ஓரத்தில் சின்னக் கோடு மாதிரி கொஞ்சம் மாவு, அவ்வளவுதான். கையால் தேய்த்த அறையில் கணுக்கால்வரை குவிந்திருந்ததை நினைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே எல்லாம் இதுதான்" என்று பெயின்டர் அண்ணனே சொன்னார். அன்றைக்கே ஹாலுக்குப் பிரைமர் போட்டாகிவிட்டது. நான் மேலே சொன்ன பொய் இதுதான். தரை சுத்தமாக இருந்ததைப் பார்த்துச் சுவரும் சுத்தம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்து, டிவி வரும் சுவரில் பாதிக்கு வேறு கலர் என்று முடிவு செய்து, கோடு நேராக வர மாஸ்கிங் டேப் ஒட்டினோம். கோடு ஒரு நூல் சாய்ந்திருப்பதாக எனக்குப் பட்டது, பிரித்து மறுபடி ஒட்டலாம் என்று டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்தேன். டேப் வந்தது, டேப்பின் முதுகில் பிரைமரும் வந்தது, ஒரு அடி நீளத்துக்கு, வாழைத்தண்டுப் பட்டை உரிகிற மாதிரி முழுசாக. அடியில் பட்டி பளிச்சென்று வெள்ளை. அதில் விரலை வைத்து எடுத்தால் விபூதி. நெற்றியில் இட்டுக்கொள்ளலாம், அவ்வளவு.

"டேப்புல பசை ஜாஸ்தி சார்" என்றார் அண்ணன். இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அதே டேப்பை எடுத்துக்கொண்டு, கையால் தேய்த்த முதல் அறைக்குப் போனோம், அங்கேயும் அதே பிரைமர், அதே பட்டி. ஒட்டி, உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்து, வெடுக்கென்று இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு சுவரில், ஜன்னலுக்குக் கீழே, சீலிங் ஓரத்தில் என்று நாலு இடத்தில் பார்த்தோம், எங்கேயும் வரவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பையன்தான் சொன்னான், "அந்த ரூம்ல தூசி ரொம்ப இருந்துச்சுன்னு நான் வெளக்கமாத்தால சுவரெல்லாம் அடிச்சு, துணி போட்டுத் தொடச்சேன் அண்ணே. ஹால்ல தொடைக்கல."

அவ்வளவுதான் விஷயம். வேக்குவம் இழுப்பது பறக்கிற தூசியை. சுற்றுகிற டிஸ்க் ஒரு பங்கு மாவைச் சுவரின் நுண்துளைகளுக்குள்ளேயே அப்பிவிட்டுப் போகிறது, கண்ணுக்கு அது பளபளப்பாகத் தெரியும். அதன்மேல் போட்ட பிரைமர் சுவரைப் பிடிக்காமல் தூசியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. கையால் தேய்த்த அறை பிழைத்ததற்குக் காரணம் அங்கே தூசி அதிகம் என்பதால் துடைத்தே ஆக வேண்டியிருந்ததுதான். ஹாலில் பிரைமர் தளர்ந்த இடமெல்லாம் சுரண்டி, தேய்த்து, துடைத்து, மறுபடி போட ஒன்றரை நாள் போயிற்று. மெஷின் மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தில் பெரும்பங்கு அங்கேயே தீர்ந்தது.

அப்புறம் எல்லா அறையிலும் துடைத்தோம். பூந்துடைப்பத்தால் மேலிருந்து கீழே ஒருமுறை, சீலிங் முதலில், சுவர் அப்புறம். சீலிங் ஃபேனைப் போட்டு ஊதிவிடலாம் என்று பையன் சொன்னான், அது தூசியை எதிர்ச்சுவரில் கொண்டுபோய் ஒட்டும் என்பதால் வேண்டாம் என்றோம். அடுத்து அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஒரே திசையில் ஒரு துடை. துணியை அலச ஒரு வாளி, இரண்டாம் அலசலுக்கு இன்னொரு வாளி. ஒரு வாளியோடு செய்தால் பத்து நிமிடத்தில் பால் மாதிரி ஆகிவிட்ட தண்ணீரையே சுவரில் திரும்பப் பூசிக்கொண்டிருப்போம். ஒரு நாள் காயவிட்டு, செல்லோடேப்பை ஒட்டி இழுத்துப் பார்த்து, டேப் கண்ணாடி மாதிரி வந்தால் பிரைமர், மாவோடு வந்தால் மறுபடி வேட்டி. பத்து ரூபாய் டேப்.

ஈரத்துணி எல்லாப் பட்டிக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளை சிமென்ட் பட்டி இறுகிவிட்டால் தண்ணீருக்குக் கரையாது. வாளியில் பசையாகவே வருகிற அக்ரிலிக் பட்டி அப்படியில்லை, அழுத்தித் துடைத்தால் கொழகொழவென்று இழுபடும், அதற்குக் காய்ந்த துணியோ பிரஷ்ஷோதான். சென்னையில் என் தங்கை ஃபிளாட்டில் ஜிப்சம் பூச்சு, அது பட்டியைவிட மெத்து, அங்கே இந்த மெஷினை 150 டிஸ்க்கோடு கொண்டுபோனால் குழிதான் விழும். சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்பினேன், "ஓ, ஸ்கிம் கோட்-ஆ?" என்று கேட்டான். பட்டிப் பூச்சுக்கு அங்கே அதுதான் பேராம். என் அப்பா இதற்கெல்லாம் அசரவில்லை, செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்தே கண்ணாடி ஆக்கினார்கள், பிரைமரும் இல்லை பெயின்டும் இல்லை என்று கதை சொன்னார். சரிதான் அப்பா, ஆனால் அந்தக் கொத்தனாருக்கு இன்றைக்கு நான் எங்கே போக?

மெஷினின் எல்ஈடி வளையத்தைப் பற்றி விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் அது எரிகிறதா என்பதே தெரியவில்லை, இருட்டிலும் தலையைச் சுற்றி ஒரு சாண்தான் காட்டும். சுவரின் குறை தெரிய வேண்டுமென்றால் ராத்திரி ஏழு மணிக்கு மேல் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டியூப் லைட்டைக் கையில் பிடித்துச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் அடிக்க வேண்டும். பகலில் வழவழவென்று இருந்த சுவரா இது என்று ஆகிவிடும், தகட்டுக் கோடுகள், ஊசிமுனை ஓட்டைகள், டிஸ்க் போட்ட பிறை எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டேன். பென்சில் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பையன் ஒரு சுவரில் பால்பாயின்ட் பேனாவால் போட்டுவிட்டான், பிரைமர், முதல் கோட் எல்லாவற்றையும் தாண்டி அந்த நீல வட்டம் மேலே வந்து எட்டிப் பார்த்தது. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் அடிக்கிறவர்கள் சின்னச் சின்னக் குறைகளை விட்டுவிடலாம், அது மறைத்துக்கொள்ளும். பளபளப்பான எமல்ஷன் பெயின்ட் என்றால், அதுவும் பக்கவாட்டில் ஜன்னல் இருக்கிற சுவர் என்றால், ஒன்றையும் மன்னிக்காது.

பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவர் மட்டும் தொட்டால் ஜில்லென்று இருந்தது. சிமென்ட் பூச்சு முடிந்து, அது காய வேண்டிய 28 நாள் எப்போதோ கடந்துவிட்டது, மற்ற சுவர்கள் எல்லாம் காய்ந்துவிட்டன, இது ஏன் இப்படி? ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, சாயங்காலம் விட்டு மறுநாள் பத்து மணிக்குப் பார்த்தேன், உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். பிளம்பரைக் கூப்பிட்டு ஓட்டையைப் பிடித்தோம், குழாய் இணைப்பில் கசிவு. அந்தச் சுவருக்கு மட்டும் மூன்று வாரம் கழித்துத்தான் பிரைமர். அதைக் கவனிக்காமல் அடித்திருந்தால் தை மாதம் பால் பொங்குவதற்கு முன்னால் சுவர் பொங்கியிருக்கும்.

பிரைமரைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தண்ணீரில் கலக்கும் சாதாரண பிரைமர்தான், டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. மூன்றாவது அறையில் ரோலரை நகர்த்த லகுவாக இருக்கும் என்று இன்னொரு சொம்பு ஊற்றப்போனார்கள், தடுத்துவிட்டேன். பட்டி போட்டால் பிரைமரே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் எண்ணி மூன்று முடிப்பதற்குள் குடித்துவிட்டது, அவ்வளவு தாகத்தோடு இருக்கிற சுவர் விலை உயர்ந்த எமல்ஷனைக் குடிப்பதைவிட மலிவான பிரைமரைக் குடிக்கட்டுமே. பிரைமர் காய்ந்த பிறகு இன்னும் கொஞ்சம் குறை தெரியும், அதற்குத் தொட்டுத் தொட்டுப் பட்டி வைத்து 320 தாளால் லேசாகக் கையால் தேய்த்தோம். இதற்கு மெஷினைத் தொடவே கூடாது, பிரைமரை வழித்துவிடும். பட்டி வைத்த அந்தப் புள்ளிகளில் மறுபடி பிரைமர் தொட மறந்துவிட்டால், பெயின்ட் காய்ந்த பின் அங்கங்கே மங்கலான திட்டு தெரியும். சமையலறையில் இரண்டு மறந்துவிட்டோம். அடுப்புக்கு எதிர்ச்சுவரில் இப்போதும் இருக்கின்றன, காலை வெயில் விழும்போது எனக்கு மட்டும் தெரியும்.

பணக் கணக்கு கேட்பீர்கள். மெஷின் மூன்று நாள் 2,100, பட்டறை வேக்குவம் இரண்டு நாள் 800, டிஸ்க் 14 வாங்கியதில் 630, மாஸ்க்கும் கண்ணாடியும் 420. மொத்தம் 3,950. எங்களுக்கு நாள் கூலி, பெயின்டருக்கும் பையனுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,900. மிச்ச வேலையைக் கையாலேயே தேய்த்திருந்தால் ஐந்து நாள், 9,500. மெஷினில் மூன்று நாள் கூலி 5,700, அதோடு 3,950, ஆக 9,650. அதாவது ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை, 150 ரூபாய் நஷ்டம். இதில் ஹாலைத் திரும்பச் செய்த கூலியும் வீட்டு வேக்குவத்தைப் பழுதுபார்த்த 1,800 ரூபாயும் சேர்க்கவில்லை, இதை வீட்டிலும் படிப்பார்கள்.

பணத்துக்காக எடுப்பதென்றால் வேண்டாம். ஒரு அறை, இரண்டு அறை என்றால் நிச்சயமாக வேண்டாம், உப்புத்தாளும் மரக்கட்டையும் போதும். ஹால் பெரிது, சுவர் நீளம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது, பளபளப்பான பெயின்ட் வேறு, இப்படி என்றால் எடுங்கள், அந்தத் தட்டை கையில் வராது. வேலை செய்கிறவர்களின் நெஞ்சுக்காகவும் எடுக்கலாம். மூன்றாம் நாள் சாயங்காலம் பையன் கறுப்புப் புருவத்தோடு வீட்டுக்குப் போனான்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் தலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விளக்கு வளையத்தில் கீறல் என்று முன்பணத்தில் 200 பிடித்துக்கொண்டார். எடுத்த அன்றே போனில் பிடித்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன், அதே கீறல், அதே இடம். முகத்தைத் திருப்பிக்கொண்டே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் ஒயரைச் சுருட்டிக் கொடுக்கும்போது அடுத்த ஆள் வந்து நின்றார், புது வீடு, பட்டி முந்தாநாள் முடிந்ததாம். கடைக்காரர் அவருக்கு எடுத்து நீட்டியது ஷட்டரில் டிஸ்க் பறந்த அந்த முதல் மெஷினை.